விசா வந்திட்டு, மக்ரூனும் வந்திட்டு

போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வீட்டுக்கு வந்தா, மேசைமேல ஒரு மக்ரூன் டப்பா.

தூத்துக்குடியில மக்ரூன் டப்பா சும்மா ஒரு வீட்டுக்கு வராது. யாராச்சும் ஊருக்குப் போறாங்கன்னு அர்த்தம். இல்லன்னா நல்ல சேதி. (வெறும் ஆசைக்கு வாங்குறது கடைவாசல்லயே காலியாயிரும்.)

"கீழவீட்டுத் தம்பிக்கு சவுதி விசா வந்திட்டாம்யா"ன்னாங்க அம்மா.

"என்ன விசா?"

"விசான்னா விசாதான். அதுல என்ன சீரகச்சம்பா, பொன்னின்னு வகையா இருக்கு?"

இருக்கும்மா. வகை வகையா இருக்கு. ஆனா அதை எங்க அம்மாகிட்ட விளக்குறதுக்குள்ள மத்தியானச் சோறு ஆறிரும். அதனால உங்ககிட்ட சொல்றேன். நாலு வருஷம் சவுதி ஜுபைல்ல குப்பை கொட்டுனவன். இதைச் சொல்ற தகுதி எனக்குக் கொஞ்சம் இருக்கு.

நம்ம ஊர்ல எல்லாருக்கும் விசாதான் கண்ணு. விசா வந்திட்டா, விசா அடிச்சிட்டானா, விசாவுக்கு எவ்வளவு கொடுத்த. இக்காமான்னு ஒண்ணு இருக்குன்னு போறவனுக்கும் தெரியாது, வழியனுப்புறவனுக்கும் தெரியாது. விசாங்கிறது கல்யாண மண்டபத்து வாசல்ல உள்ள விடுறது. உள்ள போனா உக்கார இடம் வேணும்லா, இலை வேணும்லா? அந்த இலைதான் இக்காமா. அந்த ஊர்ல தங்கி வேலை பாக்குறதுக்கான அனுமதி. போய் இறங்குன 90 நாளைக்குள்ள கம்பெனிக்காரன் அதை எடுத்துக் கொடுக்கணும். துபாய்ன்னா எமிரேட்ஸ் ஐடி, குவைத்ன்னா பத்தாக்கா. பேருதான் வேற வேற.

இக்காமா நம்பர் பத்து இலக்கம். சவுதிக்காரங்களோட அடையாள நம்பர் 1-ல தொடங்கும், நமக்கு 2-ல. அதைப் பாத்ததும் எனக்கு ஒரு சின்ன உறுத்தல். சரி, ரயில்ல செகண்ட் கிளாஸ்ல போனவன்தான நாம.

நான் போனது 2017 பிப்ரவரி. வேலை, பைப்பிங் இன்ஸ்பெக்ஷன். பாலிடெக்னிக் டிப்ளமா, நம்ம ஊர் ஆலைகள்ல ஆறேழு ஷட்டவுன் பாத்த அனுபவம். மெட்ராஸ்ல மெடிக்கல். அதை அப்போ காம்கான்னுவாங்க, இப்போ வாஃபித். சட்டையக் கழட்டு, மூச்சை இழு, பிட்டா அன்பிட்டா. நெஞ்சு எக்ஸ்ரேயில சின்னதா பழைய தழும்பு தெரிஞ்சதுக்கே அன்பிட் ஆகி, பஸ்ல அழுதுகிட்டே ஊருக்குத் திரும்புனவனை எனக்குத் தெரியும். நான் பிட். அங்க போய் இறங்குன பெறவு மறுபடியும் ஒரு மெடிக்கல். கடல் தாண்டுறதுக்குள்ள ஈரல் மாறிப்போயிருக்குமோ என்னவோ.

ஏப்ரல்ல கார்டு வந்துச்சு. பிளாஸ்டிக் கார்டு, நம்ம ஆதார் மாதிரி. அதுக்கு முந்தி சின்னப் புஸ்தகமா இருந்ததாம். கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புனேன். அம்மா மாதா படத்துக்கு முன்னால செல்லை வச்சிக் கும்பிட்டாங்களாம்.

கேம்ப் பக்கத்துல ஒரு மலையாளி டீக்கடை. சேட்டன் இருபது வருஷத்து ஆளு, அரபி எழுத்து தண்ணி பட்ட பாடு. சும்மா பெருமைக்குக் கார்டை நீட்டுனேன். வாங்கிப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. மறுபடி கார்டைப் பாத்தாரு.

"நீங்க நஜ்ஜாரா?"

"அப்படின்னா?"

"ஆசாரி. தச்சு வேலை."

எனக்கு டீ புரை ஏறிட்டு. நான் வாழ்க்கையில ஒரு பம்பரம்கூடச் செதுக்குனது கிடையாது. ஆபீஸ்ல போய்க் கேட்டா, "கம்பெனிக்கு அந்தத் தொழில்லதான் விசா இருந்துச்சு, அதுல உன்னை எடுத்தோம், பெறவு மாத்திக்கலாம்"னு கூலா சொல்லுதான். இங்க ஏஜென்ட்டு இதை என்கிட்ட மூச்சு விடல்ல. பாஸ்போர்ட்ல ஒட்டுன விசாவுலயே அரபியில தொழில் இருந்திருக்கு. எனக்குத்தான் அது ஏதோ கோலம் மாதிரி தெரிஞ்சிருக்கு.

ஆசாரின்னு இருந்தா என்ன, சம்பளம் வந்தா சரிதானன்னு நெனச்சேன். முட்டாத்தனம். இக்காமாவுல என்ன தொழில் இருக்கோ அந்த வேலைதான் சட்டப்படி நீங்க பாக்கலாம். ரோட்டுல, சைட்டுல செக்கிங்ல மாட்டுனா வம்பு. குடும்பத்தைக் கூட்டிட்டு வரணும்னாலும் அந்தத் தொழிலைத்தான் பாப்பான். வேற கம்பெனிக்கு இன்ஸ்பெக்டரா போகலாம்னு ரெண்டு இடத்துல இண்டர்வியூ குடுத்தேன். ரெண்டு பேரும் கார்டை வாங்கிப் பாத்துட்டு, "நல்லா பேசுதீங்க, ஆனா கார்பெண்டர்லா"ன்னு சிரிச்சான்.

(எங்க தெருவுலயே தோணி கட்டுற ஆசாரிமார் உண்டு. ஒரு ஆணி அடிச்சா கப்பல் மாலத்தீவு வரைக்கும் போகும். அவங்ககிட்ட இந்தக் கதையச் சொன்னப்ப ஒருத்தர் என் கையைத் தடவிப் பாத்துட்டு, "இந்தக் கையைப் பாத்தா ஆசாரின்னான்? பாவம் அந்த நாடு"ன்னாரு.)

பேரு வேற ஒரு பாடு. எங்க பேருக்குப் பின்னால பர்னாந்துன்னு ஒண்ணு தொங்கும். 1530-கள்ல எங்க முன்னோர் ஞானஸ்நானம் வாங்குன காலத்துல இருந்து வந்த போர்த்துக்கீசியச் சொத்து. கேம்ப்ல பாதிப் பேரு என்னைச் சிலோன்காரன்னு நெனச்சான், மீதிப் பேரு பிலிப்பினோன்னு. ஒரு தடவை பிலிப்பினோ கேங் என்னைத் தேடி வந்து, முகத்தைப் பாத்துட்டு ஒண்ணும் பேசாமத் திரும்பிப் போச்சு. சவம், மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

இப்ப முக்கியமான கூத்துக்கு வாறேன்.

அந்தக் கார்டுல காலாவதித் தேதி கிடையாது. 2015 கடைசியில இருந்து வந்த கார்டு அப்படித்தான். கார்டு அஞ்சு வருஷத்துக்கு, ஆனா இக்காமா வருஷா வருஷம் ஆன்லைன்ல புதுப்பிக்கணும். அப்ஷர்ன்னு அரசாங்கத்தோட ஆப் இருக்கு, அதுலதான் தேதி பாக்கணும். திறந்து பாத்தா 1439/07/15.

1439! போர்த்துக்கீசியன் நம்ம கடக்கரைக்கு வாறதுக்கே இன்னும் நூறு வருஷம் கெடக்கேன்னு நெனச்சிக்கிட்டேன். அது ஹிஜ்ரி. சரி, 12 ஏப்ரல் 2017-ல கிடைச்சது, ஒரு வருஷம்னா 12 ஏப்ரல் 2018. இதுக்கு எதுக்குக் காலண்டர்?

அங்கதான் மாட்டுனேன். ஹிஜ்ரி வருஷம் நிலாக் கணக்கு. 354 நாள்தான், சில வருஷம் 355. நம்ம வருஷத்தை விட பத்துப் பதினோரு நாள் கம்மி. 15 ரஜப் 1439-ன்னா 1 ஏப்ரல் 2018.

அன்னைக்கு ஈஸ்டர்.

ஆண்டவர் உயிர்த்த அன்னைக்கு என் இக்காமா செத்துப்போச்சு. (முட்டாள்கள் தினமும் அதே நாள்தான். அதையும் சொல்லிருதேன், நீங்களே கண்டுபிடிச்சிச் சிரிக்கிறதுக்கு முன்னால.)

எனக்குத் தெரியாது. 3-ஆம் தேதி வீட்டுக்குக் காசு அனுப்பப் போறேன், மெஷின் கார்டைத் துப்புது. கணக்கு முடக்கம். ஆபீஸுக்கு ஓடுனேன். "ரெண்டு நாள்"ன்னான். அந்த ரெண்டு நாள் பத்தொம்பது நாளாச்சு. அந்தப் பத்தொம்பது நாளும் சைட்டு, கேம்ப், சைட்டு, கேம்ப். இன்சூரன்ஸும் இக்காமாவோட சேந்ததுதான், அதனால காய்ச்சல்னாகூட சுக்குக் காப்பிதான். டீக்கடை சேட்டன் எனக்காக ரூமுக்கே பரோட்டா கொண்டுவந்தாரு. வெளிய ரோந்து வண்டி சத்தம் கேட்டா நான் பரோட்டாவோட கட்டிலுக்கு அடியில பாக்குறேன், எடம் இருக்கான்னு.

கம்பெனி ஏன் இழுத்துச்சுன்னு பெறவுதான் புரிஞ்சுது. முந்தி ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,400 ரியால் தீர்வை இருந்துச்சு. 2018 ஜனவரியில இருந்து, உள்நாட்டு ஆளுகளை விட வெளியாளுக கூட இருக்கிற கம்பெனின்னா ஒரு தலைக்கு மாசம் 400. 2019-ல 600. 2020-ல 800. அப்ப வருஷத்துக்கு 9,600, அதோட இக்காமா கட்டணம் 650. நூறு பேரு உள்ள கம்பெனிக்கு இது எவ்வளவு பெரிய தொகைன்னு நீங்களே பெருக்கிக்கிடுங்க. கையில காசில்லாத காண்ட்ராக்ட்காரன் என்ன செய்வான்? யாரோட இக்காமா இன்னைக்கு அவசரம், யாரோடது பொறுக்கும்னு பிரிப்பான். ஆசாரியோடது பொறுக்கும்னு முடிவு பண்ணிட்டான் போல.

இதுல கொடுமை என்னன்னா, அவங்க தொழிலாளர் சட்டத்துல 40-ஆம் பிரிவு தெளிவா சொல்லுது. இக்காமா எடுக்குறது, புதுப்பிக்கிறது, தாமதமான அபராதம், போக வர அனுமதி, கடைசியில ஊருக்கு டிக்கெட்டு, எல்லாம் முதலாளி பொறுப்பு. தாமதமா புதுப்பிச்சா முதல் தடவை 500 ரியால், ரெண்டாவது தடவை 1,000. மூணாவது தடவை ஆளையே ஊருக்கு ஏத்திருவாங்க. கட்ட வேண்டியது முதலாளி, தாமதம் பண்ணுறது முதலாளி, ஏத்துறது நம்மள. எனக்கு அந்த 500 சம்பளத்துல பிடிச்சாங்க. 40-ஆம் பிரிவை நான் படிச்சது ஊருக்கு வந்த பெறவு.

குடும்பத்தோட இருந்தவங்க பாடு இன்னும் மோசம். எங்க சைட்டுல நம்ம ஊர்ப்பக்கத்து நாசரேத் அண்ணாச்சி ஒருத்தரு, மனைவி, ரெண்டு பிள்ளைங்க. 2017 ஜூலையில இருந்து கூட இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் மாசம் 100 ரியால்னு ஒரு கட்டணம் வந்துச்சு. வருஷா வருஷம் நூறு நூறா ஏறி 2020-ல 400. இக்காமா புதுப்பிக்கும்போதே முழு வருஷத்துக்கும் முன்கூட்டி. மூணு பேருக்கு 14,400 ரியால், அப்ப உள்ள மதிப்புக்கு ரெண்டேமுக்கால் லட்சத்துக்கு மேல. அண்ணாச்சி முதல் வருஷமே கணக்குப் போட்டுப் பாத்துட்டு, 2018 பரீட்சை லீவுல குடும்பத்தை நாசரேத்துக்கு அனுப்பிட்டாரு. அதுக்கப்புறம் அவரு ராத்திரி எங்க மெஸ்ஸுக்கு வந்து, ரசம் புளிப்பு பத்தலன்னு மட்டும் சண்டை போடுவாரு. வேற எதுவும் பேச மாட்டாரு.

இதெல்லாத்துக்கும் அடியில ஒரே விஷயம்தான். இக்காமாவுல பேரு உங்களது, போட்டோ உங்களது. ஆனா பிடி கஃபீல் கையில. அதாவது உங்களுக்கு ஜாமீன் நிக்கிற முதலாளி. நீங்க வேலைக்கு வரல்லன்னு அவன் எழுதிக் கொடுத்தா அதுக்குப் பேரு ஹுரூப். ஓடிப்போனவன். அன்னையில இருந்து நீங்க சட்டவிரோதம். பாஸ்போர்ட்டை முதலாளி பிடிச்சி வைக்கக்கூடாதுன்னு அங்கயும் விதி இருக்கு. பெட்டியில பூட்டி வைக்கிற வழக்கமும் இருக்கு.

இந்த கஃபீல் முறை, அதாவது கஃபாலா, ஏதோ எண்ணெய் வந்த பெறவு வந்த ஏற்பாடுன்னுதான் நான் ரொம்ப நாள் நெனச்சிக்கிட்டிருந்தேன். ஊருக்கு வந்த பெறவு, பஹ்ரைன்காரரு ஒமர் அல்ஷெஹாபின்னு ஒரு ஆய்வாளர் எழுதுன கட்டுரை கண்ணுல பட்டுச்சு. படிச்சிட்டு நிமிந்து உக்காந்துட்டேன். அவரு சொல்றாரு: இதோட வேரு முத்துக்குளிப்புல இருக்கு. போன நூற்றாண்டு முற்பாதியில, பஹ்ரைன்ல பிரிட்டிஷ் அதிகாரிங்க, வெளியூர்ல இருந்து முங்க வந்தவங்களைக் கட்டுப்படுத்துறதுக்கு ஒரு வழி பண்ணுனாங்க. கூட்டிட்டு வந்த நகுதா, அதான் தோணித் தலைவன், அந்தாளுக்குப் பொறுப்பு. அந்த ஏற்பாடுதான் பெறவு எண்ணெய்க்கும் கட்டடத்துக்கும் பரவிச்சுன்னு.

முத்து! முத்துக்குளிச்ச தூத்துக்குடிக்காரங்க எங்ககிட்டயே!

ஜுபைலும் 1975-ல தொழில் நகரம்னு தொடங்குறதுக்கு முந்தி மீன்பிடி, முத்துக்குளிப்பு ஊருதான். நான் நாலு வருஷம் அந்தக் கடக்கரையில உக்காந்து கடலை கொறிச்சிருக்கேன், எனக்குத் தோணவே இல்ல. 1905-ல சிலோன் மறிச்சுக்கட்டியில நடந்த பெரிய முத்துக்குளிப்புக்கு நம்மாளுகளும் போனாங்க, வளைகுடாவுல இருந்து அரபிக்காரங்களும் வந்தாங்க. ஒரே கடல்ல முங்குனாங்க. மேல வந்த சிப்பியில மூணுல ரெண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு முங்குனவனுக்கு. தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. அதுக்கப்புறம் நாம அவங்க கரைக்குப் போறோம். மூச்சடக்கத் தெரிஞ்சவனுக்கு எங்கயும் வேலை உண்டு போல.

இந்த கஃபாலாக் கதையை அம்மாகிட்ட சொன்னப்ப, அவங்க எழுந்திருச்சிப் போய்த் தகரப்பெட்டியத் திறந்து தாத்தாவோட தாள் ஒண்ணை எடுத்துட்டு வந்தாங்க. தாத்தா கொழும்புல, புறக்கோட்டையில நம்மாளு ஒருத்தரு கடையில கணக்கு எழுதுனவரு. அவரு முதல்ல போன காலத்துல பாஸ்போர்ட்டும் கிடையாது, விசாவும் கிடையாது. சாயங்காலம் தூத்துக்குடியில கப்பல் ஏறுனா விடியக்காலம் கொழும்பு. (தோட்டத்துக்குக் கூலியா போனவங்களுக்கு மட்டும் அந்த வசதி இல்ல. தட்டப்பாறையில முகாம் வச்சி அடைச்சி, நோய் இருக்கான்னு பாத்துதான் ஏத்துவாங்க. இப்ப மணியாச்சி ரயில்ல போறப்ப அந்த ஸ்டேஷன் வந்தா யாரும் தலை தூக்கிக்கூடப் பாக்குறதில்ல.)

1948-ல சிலோன் சுதந்திரம், அதே வருஷம் குடியுரிமைச் சட்டம். கூடவே குடிவரவு குடியகல்வுச் சட்டம், 1949 நவம்பர் 1-ல நடைமுறை. அன்னையில இருந்து தாத்தா வெளிநாட்டுக்காரரு. டிஆர்பி வேணும், தற்காலிக வதிவிட அனுமதி. முதலாளி எழுதிக் கொடுக்கணும், திரும்பத் திரும்பப் புதுப்பிக்கணும். இக்காமாவுக்கு ஒரு அண்ணன் மாதிரி. அது இல்லாம தோணியில போய் இறங்குனவனுக்கு அங்க வச்ச பேருதான் கள்ளத்தோணி. பெறவு அந்த வார்த்தை எல்லாத் தமிழனையும் வைய்யுற வார்த்தையா ஆயிப்போச்சு.

1964 அக்டோபர்ல சிலோன் பிரதமர் சிறிமாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்துல, மலையகத்து ஆளுகள்ல 5,25,000 பேரை இந்தியா எடுக்கணும், 3,00,000 பேரை சிலோன் வச்சிக்கணும்னு பங்கு பிரிச்சாங்க. சிப்பி பிரிக்கிற மாதிரியே. தாத்தா அந்தக் கணக்குல வரல்ல. அதுக்கு ரெண்டு மூணு வருஷம் முந்தியே அவரு தாளை மேற்கொண்டு புதுப்பிச்சிக் குடுக்கல்ல. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, ரெண்டு சிலோன் பீங்கான் கோப்பையோட வந்து இறங்குனாரு. கோப்பை ஒண்ணு இன்னும் இருக்கு. அதுலதான் இப்ப அம்மா பேனா போட்டு வச்சிருக்காங்க.

சரி. 2021 மார்ச் 14-ல இருந்து சவுதியில கொஞ்சம் இளகியிருக்கு. ஒரு வருஷம் வேலை பாத்த பெறவு, முதலாளி சம்மதம் இல்லாமலே வேற கம்பெனிக்கு மாறலாம். ஊருக்குப் போய் வர அனுமதியும் நாமளே ஆன்லைன்ல போட்டுக்கலாம். வீட்டு வேலைக்காரங்க, வீட்டு டிரைவர், ஆடு மேய்க்கிறவங்க, தோட்டக்காரங்க இதுல சேர்த்தி இல்ல. அதாவது யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்கு இல்ல. நான் அந்த வருஷம் ஜனவரியிலயே குரூஜ், அதான் ஒரேயடியா வெளியேறுற அனுமதி, அடிச்சி ஊருக்கு வந்துட்டேன். ரெண்டு மாசம். நம்ம அதிர்ஷ்டம் எப்பவும் ரெண்டு மாசம் தள்ளித்தான் வரும்.

ஆக, மக்ரூன் டப்பாவை மூடி வச்சிட்டு கீழவீட்டுத் தம்பியக் கூப்பிட்டேன். விசாத் தாளோட ஓடி வந்தான். இப்பல்லாம் ஸ்டிக்கர் கிடையாது, கியூஆர் போட்ட தாள்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எவ்வளவு குடுத்த?"

"ஒண்ணு இருபதுண்ணே."

லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் சேவைக் கட்டணமா வாங்கக்கூடியது 30,000-மும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான்னு சொன்னேன். சிரிப்பு பாதியாச்சு. ஏஜென்ட்டோட லைசென்ஸ் நம்பரை நம்ம அரசாங்கத்தோட இமைக்ரேட் தளத்துல போட்டுப் பாத்தியான்னேன். அப்படி ஒரு தளம் இருக்கான்னான். எங்களை மாதிரி பத்தாங்கிளாஸ் தாண்டுனவனுக்கு பாஸ்போர்ட்ல ஈசிஆர், அதான் குடிபெயர்வு அனுமதி வேணும்ங்கிற முத்திரை கிடையாது. அதனால குடிபெயர்வோர் பாதுகாவலர் ஆபீஸ் பக்கமே போக வேண்டியதில்ல. அது வசதின்னு நெனச்சிட்டு எதையுமே பாக்காமப் போறோம். ஈசிஆர் பாஸ்போர்ட்காரன், சவுதி உள்பட 18 நாட்டுக்குப் போகணும்னா ஒப்பந்தம், இன்சூரன்ஸ் எல்லாம் காட்டித்தான் போக முடியும். அந்த இன்சூரன்ஸ் ரெண்டு வருஷத்துக்கு 275 ரூவா. செத்தாலோ முடமானாலோ பத்து லட்சம். படிச்சவனுக்கு அந்த 275 ரூவாக் காப்பும் இல்ல, நாமளா தேடிப் போனாத்தான்.

தாளை வாங்கி, சேட்டன் சொல்லிக் கொடுத்த அரைகுறை அரபியை வச்சி எழுத்துக்கூட்டுனேன். தொழில்னு இருக்கிற கட்டத்துல "ஆமில்"னு இருந்துச்சு.

"நீ எதுக்குப் போற?"

"வெல்டர்ண்ணே. சிக்ஸ் ஜி பாஸ் பண்ணியிருக்கேன்லா."

"இதுல கூலித் தொழிலாளின்னு போட்டிருக்குலே."

"போய் மாத்திக்கலாம்னு சொன்னாருண்ணே."

எனக்கு அந்தக் குரல் நல்லாத் தெரியும். ஒன்பது வருஷம் முந்தி என் காதுல கேட்ட அதே குரல்.

ஒப்பந்தத்துல என்ன தொழில், என்ன சம்பளம்னு எழுத்துல வாங்காம பிளைட் ஏறாதன்னேன். எல்லாத் தாளையும் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பி வைன்னேன். போனதும் அப்ஷர் நீயே திறந்துக்கோ, ரகசிய நம்பரை ஆபீஸ்காரன்கிட்ட குடுக்காதன்னேன். தேதியைப் பாத்தா ஹிஜ்ரியான்னு கேளு, பத்து நாள் முன்னாலயே கத்தத் தொடங்குன்னேன். அவன் தலையாட்டுறான், ஆனா கண்ணு தாள்ல அந்த ஒரு கட்டத்துலயே நிக்குது.

"இப்பவே ஏஜென்ட்டுக்குப் போடு. ஸ்பீக்கர்ல போடு."

போட்டான். எங்க வீட்டுத் திண்ணையில நான், அவன், அவங்க அம்மா, எங்க அம்மா. நாலு பேரும் போனையே பாத்துக்கிட்டு இருக்கோம்.

ரிங் போகுது. எடுக்கல்ல. மறுபடி போட்டான்.

"ஞாயித்துக்கிழமைலா, தூங்குவாரு"ன்னாங்க அவங்க அம்மா, மக்ரூன் டப்பாவை எங்க அம்மா பக்கம் தள்ளிக்கிட்டே.